மான்டிசெல்லோ யார் யார் கையில் இருந்தது?

கேட்கப்பட்ட கேள்வி இது: அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெபர்சன் வாழ்ந்த மான்டிசெல்லோ தோட்டம், அவர் இறந்த பிறகு அரசுடைமை ஆனதா? நடுவில் லெவி என்ற கடற்படை அதிகாரி அதைக் குறுக்கு வழியில் வாங்கிக்கொண்டார் என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

இரண்டுக்கும் இல்லை என்பதே விடை. அமெரிக்க அரசு மான்டிசெல்லோவின் உரிமையாளராக ஒருநாளும் இருந்ததில்லை. ஐந்து சென்ட் நாணயத்தின் பின்புறத்தில் 1938 முதல் அந்த வீட்டின் உருவம் இருந்துவருவதால், அது தேசத்தின் சொத்து என்று அமெரிக்கர்களிலேயே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். லெவி அதை வாங்கியதும் முறையான கிரயத்தின் மூலம்தான். ஆனால் அந்த இடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் வருவது ஒரே வரிசையிலான உரிமையாளர் பட்டியல் அல்ல. வீடும் நிலமும் ஒரு வழியில் போயின. அங்கே அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த மனிதர்கள் வேறு வழியில் விற்கப்பட்டார்கள். குடும்பக் கல்லறை மட்டும் எவருக்கும் விற்கப்படாமல் தனியாக நின்றது. இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் விடை முழுமையாகும்.

வர்ஜீனியாவில் சார்லட்ஸ்வில் நகருக்கு அருகே, ரிவன்னா ஆற்றை ஒட்டி இருக்கிறது அந்தக் குன்று. அது மோனக்கன் என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த நிலப்பகுதி. பத்திரங்களின் வரிசையில் அவர்களுடைய பெயருக்கு இடமில்லை. நமக்குக் கிடைக்கும் மூல ஆவணம் 1735-இல் ஜெபர்சனின் தந்தை பீட்டர் ஜெபர்சன் பெற்ற 1,000 ஏக்கர் நிலப் பட்டயம். நில அளவையாளராகவும் இருந்த பீட்டர், அடுத்த ஆண்டிலேயே ஆற்றின் எதிர்க்கரையில் இன்னும் 200 ஏக்கரைத் தம் நண்பர் வில்லியம் ராண்டால்ஃபிடமிருந்து வாங்கினார். அதற்குக் கொடுத்த விலையாகப் பத்திரத்தில் எழுதியிருப்பது, வில்லியம்ஸ்பர்க் நகர விடுதிக்காரர் ஒருவர் கலக்கிக் கொடுக்கும் அராக் பஞ்ச் பானத்தின் மிகப் பெரிய கிண்ணம் ஒன்று. கிழக்கிந்தியப் பகுதிகளிலிருந்து கப்பலில் போன அதே அராக் சாராயம்தான் அது. நண்பர்களுக்குள் விளையாட்டாக எழுதிக்கொண்டதாக இருக்கலாம், ஆனாலும் சட்டப்படி செல்லுபடியான கிரயம் அது. அந்த 200 ஏக்கரும் பிறகு சேர்ந்த நிலமுமாகத்தான் ஜெபர்சன் பிறந்த ஷாட்வெல் தோட்டம் உருவானது.

பீட்டர் 1757-இல் இறந்தபோது தாமஸுக்கு வயது 14. ரிவன்னா ஆற்றோர நிலம் அல்லது ஃப்ளுவன்னா ஆற்றோர நிலம், இரண்டில் ஒன்றை மூத்த மகன் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், மற்றது இளையவனுக்கு என்று உயில் எழுதியிருந்தார் தந்தை. தாமஸ் ரிவன்னாவைத் தேர்ந்தெடுத்தார். 21 வயது நிறைந்த 1764-இல் சொத்து அவர் கைக்கு வந்தது. 1768-இல் குன்றின் உச்சியைச் சமன்படுத்தும் வேலை தொடங்கியது. நாளடைவில் மான்டிசெல்லோ, ஷாட்வெல், டஃப்டன், லீகோ என்ற நான்கு பண்ணைகளும் சேர்ந்து சுமார் 5,000 ஏக்கர் கொண்ட ஒரே எஸ்டேட்டாக ஆயிற்று. முதலில் புகையிலை, பிறகு கோதுமை அங்கே விளைந்தன.

இந்தச் சொத்தின் பிற்கால வில்லங்கங்கள் பலவற்றுக்கு வேர் 1773-இல் இருக்கிறது. அந்த ஆண்டில் ஜெபர்சனின் மாமனார் ஜான் வேல்ஸ் இறந்தார். மனைவி மார்த்தாவின் பங்காக ஏறக்குறைய 11,000 ஏக்கர் நிலமும் 135 அடிமைகளும் வந்தன; அவற்றோடு மாமனார் ஆங்கிலேய வணிகர்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்த பெருங்கடனும் வந்தது. அந்த 135 பேரில் எலிசபெத் ஹெமிங்ஸும் அவருடைய பிள்ளைகளும் இருந்தார்கள். அப்போது கைக்குழந்தையாக இருந்த அவருடைய மகள்தான், ஜெபர்சனுக்குப் பிள்ளைகள் பெற்றவராகப் பின்னால் பேசப்பட்ட சாலி ஹெமிங்ஸ். ஜெபர்சன் வாழ்நாளில் அடிமைகளாக வைத்திருந்தவர்கள் மொத்தம் 600 பேருக்கு மேல். ஒரு காலத்து உரிமை வரலாற்றில் மனிதர்களும் அசையும் சொத்தாக எழுதப்பட்டார்கள் என்பதை எவரும் பொதுவாகச் சொல்லிவிடலாம். அது நடைமுறையில் எப்படி இயங்கியது என்பதற்கு 1796-ஆம் ஆண்டு நல்ல சான்று. வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டும் நோக்கத்தோடு இருந்த ஜெபர்சன், ஆம்ஸ்டர்டாமின் வான் ஸ்டாஃபோர்ஸ்ட் வங்கியாளர்களிடம் கடன் வாங்கியபோது, அதற்கு ஈடாகத் தம் அடிமைகளை அடமானம் எழுதிக்கொடுத்தார். இன்று நாணயத்தில் பார்க்கும் குவிமாடத்தோடு கூடிய வீடு அந்த ஆண்டுகளில் எழுந்ததுதான்.

கடன் தீரவே இல்லை. 1815-இல் 6,487 நூல்கள் கொண்ட தம் நூலகத்தை 23,950 டாலருக்கு நாடாளுமன்றத்துக்கு விற்றார்; அந்தப் பணம் கடன்காரர்களுக்கே போயிற்று. அதன் பின் அவர் செய்த காரியம், நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் பழக்கமானது: வேண்டியவருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டார். பேரனின் மாமனார் வில்சன் கேரி நிக்கலஸ் 1818-இல் வாங்கிய 20,000 டாலர் கடனுக்கு அவர் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு வந்த நிதி நெருக்கடியில் நிக்கலஸ் நொடித்துப் போக, அந்தச் சுமையும் ஜெபர்சன் தலையில் விழுந்தது. 1826-இன் தொடக்கத்தில் லாட்டரி நடத்தி நிலத்தை விற்றுக்கொள்ள வர்ஜீனியா சட்டமன்றம் அவருக்கு அனுமதி கொடுத்தது. அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. 1826 ஜூலை 4 அன்று அவர் இறந்தபோது கடன் 1,07,000 டாலரைத் தாண்டியிருந்தது.

உயிலில் அவர் ஒரு காப்புச் செய்திருந்தார். மருமகன் தாமஸ் மான் ராண்டால்ஃபும் கடனாளியாக இருந்ததால், சொத்தை நேரடியாக மகள் மார்த்தாவுக்கு எழுதினால் மருமகனின் கடன்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே மகளின் நலனுக்காக அறங்காவலர்களிடம் ஒப்படைத்து எழுதினார். அந்த ஏற்பாடு மருமகனின் கடன்காரர்களைத் தடுத்திருக்கலாம், அவருடைய சொந்தக் கடன்காரர்களை எப்படித் தடுக்கும்? உயிலை நிறைவேற்றும் பொறுப்பு மூத்த பேரன் தாமஸ் ஜெபர்சன் ராண்டால்ஃபிடம் வந்தது. 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவிலேயே ஏலம் நடந்தது. மதிப்பு வாய்ந்த 130 நீக்ரோக்கள் என்று முதலிலும், அதன் பிறகு கால்நடைகள், தானியம், வீட்டுச் சாமான்கள் என்றும் விளம்பரம் வந்திருந்தது.

அந்த ஏலத்தில் ஒரு குடும்பத்துக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தால் போதும். உயிலின் மூலம் ஐந்து ஆண்களுக்கு ஜெபர்சன் விடுதலை எழுதியிருந்தார். அவர்களில் கொல்லர் ஜோசப் ஃபாசெட் ஒருவர். விடுதலை தம் மரணத்துக்கு ஓராண்டு கழித்து என்பது உயிலின் ஷரத்து. விடுதலை கிடைக்க ஆறு மாதம் இருக்கும்போதே, ஜனவரியில் அவருடைய மனைவி ஈடித்தும் பிள்ளைகளும் வெவ்வேறு ஆட்களுக்கு ஏலம் போனார்கள். ஈடித், அதிபர் மாளிகையின் பிரெஞ்சு சமையல்காரரிடம் தொழில் கற்றுக்கொண்டு வந்து மான்டிசெல்லோ சமையலறையை நடத்தியவர். ஜோசப் சுதந்திரமானதும் கொல்லுப் பட்டறை நடத்திச் சம்பாதித்தார். உறவினர் துணையும் இருந்தது. 1837-இல் மனைவிக்கும் பிள்ளைகள் சிலருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். அதாவது, சட்டத்தின் பார்வையில் அவர்களுக்கு உரிமையாளராக ஆன பிறகுதான் அவரால் அவர்களை விடுவிக்க முடிந்தது. ஏலத்தின்போது 11 வயதாக இருந்த மகன் பீட்டரை வாங்கியவரோ திருப்பித் தர மறுத்துவிட்டார். அவருக்கு விடுதலை கிடைக்க 1850 ஆயிற்று. சின்சினாட்டியில் சமயப் போதகராக உயர்ந்த அந்தப் பீட்டர் ஃபாசெட், 1900-இல் முதியவராக மான்டிசெல்லோவுக்கு ஒருமுறை வந்து பார்த்துப் போனார்.

சாலி ஹெமிங்ஸின் பெயர் உயிலில் இல்லை. அவருடைய மகன்கள் மேடிசனும் ஈஸ்டனும் விடுதலை பெற்ற ஐவரில் அடக்கம். சாலியை ஜெபர்சனின் மகள் மார்த்தா விடுதலைப் பத்திரம் எழுதாமலே போக அனுமதித்தார். அவர் 1835-இல் இறக்கும் வரை மகன்களோடு சார்லட்ஸ்வில்லில் வாழ்ந்தார்.

மனிதர்களும் சாமான்களும் விலைபோன அளவுக்கு வீடு விலைபோகவில்லை. குன்றின் மேல் இருக்கும், பராமரிக்கப் பணம் கொட்ட வேண்டிய, விவசாயத்துக்கு அதிகம் பயன்படாத ஒரு மாளிகையை வாங்க வர்ஜீனியாவின் நொடித்த பொருளாதாரத்தில் ஆளில்லை. 1831-இல்தான் ஜேம்ஸ் டர்னர் பார்க்ளே என்ற சார்லட்ஸ்வில் மருந்து வணிகர் வீட்டையும் 552 ஏக்கரையும் 7,000 டாலருக்கு எடுத்தார். பட்டுப்புழு வளர்த்து லாபம் பார்க்கலாம் என்பது அவருடைய எண்ணம், அது பலிக்கவில்லை. பார்க்ளேயை வீட்டைக் கெடுத்தவர் என்று மட்டுமே எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அதே மனிதர் பிற்காலத்தில் மதப் பணிக்காக ஜெருசலேம் போய், கோயில் மலையின் மேற்குச் சுவரில் புதைந்து கிடந்த பழைய வாயில் ஒன்றைக் கண்டறிந்தார். அது இன்றும் பார்க்ளே வாயில் என்றே அழைக்கப்படுகிறது. மூன்றே ஆண்டு வைத்திருந்த ஒரு வீட்டுக்காக அவரை நினைவில் வைத்திருப்பது சற்று அநியாயம்.

பார்க்ளேயிடமிருந்து வாங்கியவர்தான் யுரையா ஃபிலிப்ஸ் லெவி. 1792-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த யூதர். பத்து வயதில் கப்பலேறியவர். 1812-ஆம் ஆண்டுப் போரில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு டார்ட்மூர் சிறையில் இருந்தவர். யூதர் என்ற காரணத்தாலேயே கடற்படையில் தொடர்ந்து இழிவுக்கு ஆளானார், தாமும் முன்கோபக்காரர், ஆறு முறை இராணுவ நீதிமன்றத்தின் முன் நின்றார். மாலுமிகளைச் சவுக்கால் அடிக்கும் தண்டனை ஒழிய வேண்டும் என்று வாதாடியவர்களில் அவர் முன்வரிசையில் இருந்தார். மத சுதந்திரத்தைச் சட்டமாக்கியவர் என்பதற்காக ஜெபர்சன் மீது அவருக்கு இருந்த மதிப்பு வெறும் பேச்சு அல்ல. பிரெஞ்சுச் சிற்பி டேவிட் தாஞ்செரைக் கொண்டு சொந்தச் செலவில் ஜெபர்சனின் வெண்கலச் சிலையைச் செய்வித்து நாட்டுக்குக் கொடுத்தார். அது இன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் நிற்கிறது.

1834-இல் வீட்டையும் 218 ஏக்கரையும் 2,700 டாலருக்குப் பேசி முடித்தார். நிலத்தின் அளவிலும் எல்லையிலும் பார்க்ளேயோடு தகராறு வந்ததால் பத்திரம் கைக்கு வர 1836 ஆயிற்று. இங்கேதான் கேள்வியில் சொன்ன கதை நுழைகிறது. ஜெபர்சன் குடும்பத்துக்காக வீட்டை மீட்கப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டிக்கொண்டு ஓர் இளைஞன் புறப்பட்டானாம். வழியில் குடித்துவிட்டுத் தாமதமாக்கினானாம். அதற்குள் லெவி முந்திக்கொண்டாராம். இது லெவி இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய கதை. அது பொய் என்று காட்டக் கிரய வரிசை ஒன்றே போதும். குடும்பம் வீட்டை விற்றது 1831-இல், பார்க்ளேக்கு. லெவி வாங்கியபோது விற்பவர் ஜெபர்சன் குடும்பத்தாரே அல்லர். முந்திக்கொள்ள ஓட்டப்பந்தயம் எதுவும் இல்லை. இரண்டு ஆண்டு இழுத்த எல்லைத் தகராறுதான் இருந்தது. அந்தக் கதைக்கு ஊட்டம் கொடுத்தது லெவி யூதர் என்ற ஒன்றுதான் என்பது என் முடிவு.

லெவி கசிந்த கூரையைச் சரிசெய்தார், சுற்றிலும் நிலம் வாங்கிச் சேர்த்தார், ஜெபர்சன் வீட்டுச் சாமான்களில் கிடைத்தவற்றைத் தேடிக் கொண்டுவந்தார். 1839-இல் அங்கேயே இறந்த அவருடைய தாய் ரேச்சலை, மல்பெரி ரோ என்ற பாதையோரத்தில், ஜெபர்சன் காலத்துப் பட்டறைகளும் அடிமைகளின் குடில்களும் இருந்த வரிசையிலேயே அடக்கம் செய்தார். அதையும் சொல்லிவிட வேண்டும்: மான்டிசெல்லோவைக் காப்பாற்றிய லெவியும் அங்கே அடிமைகளை வைத்தே வேலை வாங்கினார்.

1861-இல் உள்நாட்டுப் போர் வந்தது. லெவி வடக்கின் அதிகாரி. அவருடைய நிலம் தெற்கில். எதிரிகளின் சொத்தைப் பறிமுதல் செய்யத் தென்மாநிலக் கூட்டமைப்பு கொண்டுவந்த சட்டத்தின்படி மான்டிசெல்லோ பறிபோயிற்று. 1864 நவம்பரில் அதை ஏலத்தில் எடுத்தவர் பென்ஜமின் ஃபிக்லின். குதிரை வீரர்கள் மாறி மாறி ஓடிக் கடிதம் சேர்த்த புகழ்பெற்ற போனி எக்ஸ்பிரஸ் அஞ்சலைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் கொடுத்த விலை 80,500 டாலர் என்று படிப்பவர்கள் மலைத்துவிட வேண்டாம். அது தென்மாநிலக் கூட்டமைப்பின் நோட்டு. அப்போதே அதன் மதிப்பு கரைந்து போயிருந்தது. சில மாதங்களில் போர் முடிந்ததும் அந்த விற்பனை செல்லாமல் போய், சொத்து லெவி தரப்புக்கே திரும்பியது.

ஆனால் லெவி 1862 மார்ச்சிலேயே நியூயார்க்கில் இறந்துவிட்டார். அவர் விட்டுச்சென்ற உயில் நல்லெண்ணத்துக்கு உதாரணம், சட்ட அறிவுக்கு அல்ல. கடற்படையில் பணியாற்றிய சிறு அதிகாரிகளின் அநாதைப் பிள்ளைகளுக்கு விவசாயப் பள்ளி நடத்துவதற்காக மான்டிசெல்லோவை அமெரிக்க மக்களுக்கு எழுதியிருந்தார். அவர்கள் ஏற்காவிட்டால் வர்ஜீனியா மாநிலத்துக்கு. அதுவும் ஏற்காவிட்டால் நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, ரிச்மண்ட் நகரங்களின் போர்த்துகீசிய யூத சபைகளுக்கு. மனைவியும் உடன்பிறந்தாரும் வழக்குப் போட்டார்கள். பயனடைவோர் யார் என்பது வரையறுக்கப்படவில்லை என்று சொல்லி அந்த ஏற்பாட்டை 1865-இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாததாக்கியது. மான்டிசெல்லோ அரசுக்குப் போக இருந்த உண்மையான வாய்ப்பு இதுதான். அது நீதிமன்றத்தில் முடிந்தது. பிறகு வர்ஜீனியாவில் பாகப்பிரிவினை வழக்கு நடந்தது.

உரிமையாளர் யார் என்று தெரியாத வீட்டுக்கு என்ன ஆகுமோ அது ஆயிற்று. லெவி வைத்துவிட்டுப் போன மேற்பார்வையாளர் ஜோயல் வீலர் வீட்டிலேயே தங்கிக்கொண்டார். வரவேற்பறையில் தானியம் கொட்டி வைத்தார் என்றும், குளிர்காலத்தில் அடித்தளத்தில் மாடுகளைக் கட்டினார் என்றும் பார்த்தவர்கள் எழுதினார்கள்.

1879-இல், லெவியின் உடன்பிறந்தார் மகன் ஜெபர்சன் மன்ரோ லெவி, மற்ற வாரிசுகளை முந்தி 10,050 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். நியூயார்க் வழக்கறிஞர், பங்குச் சந்தையிலும் மனை வணிகத்திலும் பணம் பார்த்தவர், பிறகு நாடாளுமன்ற உறுப்பினர். 1889-இல் தாமஸ் ரோட்ஸ் என்ற மேற்பார்வையாளரை நியமித்துப் பெரும் செலவில் வீட்டைத் தூக்கி நிறுத்தினார். 1911 முதல், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் மனைவியான மாட் லிட்டில்டன், மான்டிசெல்லோவை அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாடு தழுவிய இயக்கம் நடத்தினார். ஒரு தனி ஆளின் வீட்டுக்கு அனுமதி கேட்டுப் போய் ஜெபர்சனின் கல்லறையைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்ற அவருடைய ஆதங்கத்தில் நியாயம் உண்டு. லெவிகள் அந்நியர்கள் என்ற தொனியும் அந்தப் பிரசாரத்தில் கலந்திருந்தது. விற்கவே மாட்டேன் என்றிருந்த லெவி, தொழிலில் நஷ்டம் வந்த பின் 1914-இல் 5 லட்சம் டாலருக்கு அரசுக்குத் தர ஒப்புக்கொண்டார். நாடாளுமன்றம் பணம் ஒதுக்கவில்லை.

1923-இல் அதே 5 லட்சத்துக்கு வாங்கியது, அதற்கென்றே அந்த ஆண்டு தொடங்கப்பட்ட தாமஸ் ஜெபர்சன் அறக்கட்டளை. கையில் இருந்த 1 லட்சத்தைக் கொடுத்து மீதிக்கு அடமானக் கடன் வைத்தார்கள். ஆக, கடனில் மூழ்கிய மனிதரின் வீடு மீண்டும் கடனில்தான் மீண்டது. லெவி அடுத்த ஆண்டு இறந்தார். 1834 முதல் 1923 வரை, இடையில் பறிமுதலும் வழக்கும் இருந்தாலும், 89 ஆண்டுகள் அந்த வீடு லெவி குடும்பத்தோடு இணைந்திருந்தது. ஜெபர்சன் கையில் அது இருந்தது 1764-இலிருந்து கணக்கிட்டால் 62 ஆண்டுகள். அப்படியிருந்தும் அறக்கட்டளை நெடுங்காலம் லெவிகளைப் பற்றிப் பார்வையாளர்களுக்கு ஏறக்குறைய எதுவும் சொல்லவில்லை. ரேச்சல் லெவியின் கல்லறையைச் சீரமைத்து, குடும்பத்தின் பங்கைக் குறிக்கும் பலகை வைத்தது 1985-இல்.

கல்லறைக்கு வருவோம். 1831-இல் வீட்டை விற்றபோது குடும்பத்தார் இடுகாட்டை மட்டும் தங்களுக்கென்று ஒதுக்கிக்கொண்டார்கள். அந்தத் துண்டு இன்றும் அறக்கட்டளைக்குச் சொந்தமில்லை. ஜெபர்சனின் மகள்கள் வழி வந்தவர்களின் சங்கமான மான்டிசெல்லோ அசோசியேஷன் வசம் இருக்கிறது. சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்கு ஜெபர்சனே தந்தையாக இருக்கக்கூடும் என்று 1998-இல் மரபணுச் சோதனை வலுவான சான்று தந்தது. 2000-இல் அறக்கட்டளை அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஹெமிங்ஸ் வழியினரை உறுப்பினர்களாகச் சேர்த்து அடக்க உரிமை தருவதில்லை என்று 2002-இல் அந்தச் சங்கம் வாக்களித்தது. ஒரே குன்றின் மேல் இரண்டு உரிமையாளர்கள், ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள்.

நிலத்தைப் பொறுத்தவரை, அறக்கட்டளை பழைய 5,000 ஏக்கரில் 2,500-க்கு மேல் திரும்பச் சேர்த்திருக்கிறது. ஜெபர்சன் 1777-இல் வாங்கியிருந்த, வீட்டுக்கு எதிரே உயர்ந்து நிற்கும் மோன்டால்டோ மலையை 2004-இல் மீட்க அது கொடுத்த விலை 1.5 கோடி டாலர். மான்டிசெல்லோவுக்கு 1923-இல் கொடுத்ததைப்போல் முப்பது மடங்கு. 1987-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததாலும் உரிமை மாறவில்லை. அந்தப் பட்டியலில் இடம்பெறுவது பாதுகாப்புக்கான அங்கீகாரமே தவிர உடைமை மாற்றம் அல்ல. அன்றாடச் செலவுக்கு அரசிடமிருந்து தொடர் நிதி எதுவும் பெறாமல், நுழைவுக் கட்டணத்தையும் நன்கொடையையும் கொண்டு அந்தத் தனியார் அறக்கட்டளைதான் இன்றும் அதை நடத்திவருகிறது.